ஆந்தைக்குக் கண் வைத்தவள்

மாயம்மாளுக்குச் சிற்பத்தைப் பற்றி அபிப்பிராயம் என்று ஒன்றும் கிடையாது. புருஷன் செதுக்கியதை ஊரே நின்று பார்த்தாலும் அவள் கண் போவது கீழே சிதறிக் கிடக்கும் சிராய்களின் மேல்தான். காய்ந்திருக்கிறதா, ஈரமா, அடுப்புக்கு ஆகுமா, இவ்வளவுதான் கேள்வி. நன்றாக எரிந்தால் நல்ல மரம், நல்ல வேலை. புகைந்தால் அன்றைக்கு ஆசாரிக்குச் சோற்றோடு வசவும் சேர்ந்து கிடைக்கும்.

அப்படிப்பட்டவள்தான் மட்டாஞ்சேரியில் காயலோரம் இருந்த பூங்காவில், பிள்ளைகள் ஏறி விளையாடிய மரப் பிராணிகளுக்கெல்லாம் கண் வைத்தாள். கலை ஆசையால் அல்ல. ஓர் அறைக்காக.

அவள் புருஷன் செல்லப்பா ஆசாரி தென்காசிப் பக்கத்துக்காரர். அவர்கள் குடும்பத்துக்குக் கோயில் வாகனம் செய்கிற வேலை. குதிரை, அன்னம், யானை, ரிஷபம் என்று சாமி ஏறி வீதிவலம் வருகிற மரவாகனங்கள். அண்ணன் தம்பி நாலு பேரும் ஒரே பட்டறைக்குள் முழங்கை இடித்துக்கொண்டு நிற்க முடியாமல், கடைசித் தம்பியான செல்லப்பா கல்யாணமான கையோடு கொச்சிக்கு வண்டி ஏறிவிட்டார். எழுபத்தொன்றோ இரண்டோ. இங்கே சுக்கும் மிளகும் கப்பலேற்றுகிற கம்பெனிக்குப் பெட்டி அடிக்கிற வேலை. அன்னமும் குதிரையும் செய்த கை, பலகையை அறுத்து ஆணி அடித்தது. மாயம்மாளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பெட்டிக்கு நாலு மூலை இருந்தால் போதும், யாரும் வந்து மூக்கு சரியில்லை, வால் சரியில்லை என்று சொல்லப் போவதில்லை.

குறை முழுக்க வீட்டில்தான் இருந்தது. சுக்குக் கிடங்கின் பின்னால் ஓர் அறை. கதவைத் திறந்தால் சந்து, சந்தின் முனையில் காயல். ஊர்க்காரர்கள் வேலியேற்றம் என்று சொல்வார்கள். கடல் ஏறுகிற நாட்களில் காயல் தண்ணீர் சந்து வழியாக நடந்து வந்து, சொந்தக்காரன் மாதிரி கேட்காமல் உள்ளே நுழையும். கட்டில் காலுக்குக் கீழே செங்கல், செங்கலுக்குக் கீழே இன்னொரு செங்கல். அடுப்பு பெட்டி மேல், பெட்டி ஸ்டூல் மேல். மகள் ஸ்வர்ணலதா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்புவாள். தண்ணீர் வடிந்த பிறகு சேறும், செத்த மீன்குஞ்சும், யார் வீட்டுக் குப்பையோ அதுவும் அறைக்குள் கிடக்கும். அதையெல்லாம் மாயம்மாள் திட்டிக்கொண்டே கூட்டித் தள்ளுகிற வேகத்தில், காயலுக்குக் காது இருந்தால் கூசிப் போயிருக்கும்.

"இந்தத் தண்ணிக்கு வேற வீடே தெரியாதா? எதுத்த வரிசையில எத்தனை மாடி வீடு இருக்கு, அங்க போனா என்ன?" என்பாள்.

"அது மேட்டுல இருக்கு," என்பார் செல்லப்பா.

"அது எனக்குத் தெரியாதாக்கும். நான் தண்ணிகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். உங்ககிட்ட பேசல."

எழுபத்தெட்டு மழைக்காலத்தில் அடித்த காற்றில் காயலோரப் பூங்காவின் பெரிய மரங்கள் சரிந்தன. தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டு, ஓர் ஆஞ்சிலி, ஒரு மாமரம். வேரோடு சாய்ந்தவை பாதி, நடுவில் முறிந்து அடிமரம் மட்டும் நின்றவை பாதி. அந்தப் பூங்காவின் ஓவர்சியர் நீலகண்டன், பாலக்காட்டுப் பக்கத்து ஐயர். சாய்ந்த மரங்களை ஏலம் விடுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு யோசனை வந்தது. நவம்பரில் குழந்தைகள் தினத்தன்று பூங்காவைப் புதுப்பித்துத் திறப்பதாக இருந்தது. இந்த மரங்களையே அங்கங்கே பிராணிகளாகவும் பூவும் காயுமாகவும் செதுக்கி வைத்தால் பிள்ளைகள் ஏறி விளையாடுமே என்று நினைத்தார்.

செல்லப்பாவை அவருக்கு எப்படித் தெரியும் என்றால், பூங்கா வாசலில் முகமது இஸ்மாயிலின் சாயாக் கடை இருந்தது. இஸ்மாயில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ராவுத்தர். கடை பெஞ்சுக்குக் கால் ஆடியபோது செல்லப்பா ஒரு புதுக்கால் செய்து கொடுத்தார். சும்மா கொடுக்காமல் அதில் ஒரு வாழைப்பூவைச் செதுக்கியிருந்தார், ஒரு மடல் விரிந்து உள்ளே பூ எட்டிப் பார்க்கிற மாதிரி. ஓவர்சியர் சாயா குடிக்க உட்காருகிற பெஞ்சு அதுதான்.

"ஓய் ஆசாரி, வேலை சுத்தமா முடிஞ்சா, பூங்காவுக்குள்ளயே உமக்கு வேலை. ஊஞ்சல், பெஞ்சு, வேலி எல்லாம் பாத்துக்க ஒரு ஆள் நேக்கு வேணும். பின்னாடி ரூம் இருக்கு, அங்கேயே குடியிருக்கலாம்," என்றார் நீலகண்டன். "திறக்கற நாளுக்குள்ள முடியலேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது, கேட்டேளா. பம்ப் ஆப்பரேட்டர் அந்த ரூமைக் கேட்டுண்டே இருக்கான்."

செல்லப்பா மரத்தைப் பார்க்கப் போனார். மாயம்மாள் அறையைப் பார்க்கப் போனாள்.

பூங்காவின் பின்பக்கம் மேட்டில் கட்டிய அறை. செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, சிமெண்டுத் தரை. வாசலுக்கு மூன்று படி. மாயம்மாள் படியில் இறங்கி ஏறி, ஏறி இறங்கிப் பார்த்தாள். எந்தக் காயலும் இந்தப் படி ஏறாது. உள்ளே ஒரு மூலையில் குழாய். திருகினாள், தண்ணீர் வந்தது. மூடினாள், நின்றது. தரையைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த அறையைப் பார்த்த பார்வையை செல்லப்பா கல்யாணத்தன்று கூட அவளிடமிருந்து வாங்கியதில்லை.

"இங்க பாருங்க," என்றாள் வெளியே வந்து. "நான் இதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல."

"ஏட்டி, நேத்து ராத்திரி ஏழெட்டு கேட்டியே."

"அது வீட்டுச் சாமான். இது வீடு."

வேலை நடந்தது. மழை பெய்த நாட்களில் தார்ப்பாய் கட்டி அதற்குக் கீழே. முதலில் செல்லப்பா எடுத்தது பலாப்பழம். பிறகு தாமரை, ஒரு வாழைக்குலை. மாயம்மாள் மத்தியானம் கப்பைக் கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சாக்கு நிறையச் சிராய் அள்ளிக்கொண்டு வருவாள். தூங்குமூஞ்சி புகைந்தது. ஆஞ்சிலி பரவாயில்லை. மாமரம்தான் பிரமாதம்.

அப்புறம் பிராணிகள். பெரிய அடிமரத்தில் ஓர் ஆமை, நாலு பிள்ளைகள் முதுகில் உட்காரலாம். ஒரு கொக்கு, கழுத்தை மடக்கித் தண்ணீரைப் பார்க்கிற நிலையில். சாய்ந்த மரத்தில் ஒரு நீர்நாய், உடம்பில் ரோமம் நனைந்து ஒட்டியிருக்கிறதை அப்படியே கொண்டு வந்திருந்தார். நின்றுகொண்டிருந்த ஆஞ்சிலி முண்டத்தின் உச்சியில் ஓர் ஆந்தை, இறகு இறகாக. போகிற வருகிறவர்கள் நின்றார்கள். படகுத்துறையிலிருந்து வைப்பின் தீவுக்குப் படகு ஏறப் போகிறவர்கள் படகைத் தவறவிட்டுவிட்டு நின்றார்கள்.

ஆனால் ஒன்றுக்கும் கண் இல்லை.

கண் இருக்க வேண்டிய இடம் இழைத்த பலகை மாதிரி வழவழவென்று இருந்தது. ஆமைக்கு இல்லாதது பெரிதாகத் தெரியவில்லை. கொக்கு தூங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆந்தைக்கு என்ன சொல்வது? ஆந்தை என்றாலே கண்தானே. கண்ணில்லாத ஆந்தை, தலையணைக்கு இறகு ஒட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஆசாரி அண்ணே, கண்ணு கிட்டலைன்னா சொல்லுங்க, கடையில ரெண்டு போண்டா மிச்சம் இருக்கு. ஒட்டிரலாம்," என்றான் இஸ்மாயில்.

செல்லப்பா சிரித்துவிட்டு நீர்நாயின் வாலை இன்னும் கொஞ்சம் இழைத்தார். அந்த வாலை அவர் இழைத்துக்கொண்டே இருந்தார். இனி இழைத்தால் வாலே இருக்காது என்ற அளவுக்கு வந்தபோது ஓவர்சியர் வந்து சேர்ந்தார். திறப்பு விழாவுக்கு அதிக நாள் இல்லை.

"இது என்னவாக்கும்? கண்ணு எங்கே ஓய்?"

"பாக்கலாம் சார்," என்றார் செல்லப்பா.

"நான் பார்ப்பேன். ஆந்தை எப்படிப் பார்க்கும்? வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வரார். அவர்கிட்ட இதைக் காட்டினா என்னைக் கண் டாக்டர்கிட்ட அனுப்புவார். வியாழக்கிழமைக்குள்ள கண்ணு வரணும். வரலேன்னா எல்லாத்தையும் லாரியில ஏத்திடுவேன், ரூம் பம்ப் ஆப்பரேட்டருக்கு. பின்னே என்னைச் சொல்லப்படாது."

அவர் போகும்வரை மாயம்மாள் வாயைத் திறக்கவில்லை. போன பிறகு திறந்தாள்.

"என்ன சங்கதி? கண்ணு செதுக்கத் தெரியாதா?"

"தெரியும்."

"பிறகு என்னத்துக்கு அந்த வாலைப் போட்டுத் தேச்சுக்கிட்டே இருக்கிய?"

செல்லப்பா உளியைக் கீழே வைத்தார். அவர் பேச்சு எப்போதும் சுருக்கம்தான். அன்றைக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேசினார். வாகனத்தில் கண் கடைசி வேலை. அதற்கு நாள் பார்ப்பார்கள். திரை கட்டி, உள்ளே ஆசாரி மட்டும் இருந்து திறப்பார். திறந்த கண் முதலில் கண்ணாடியைப் பார்க்க வேண்டும், பிறகு கன்றோடு பசுவை, பிறகு நெற்குவியலை. அன்றிலிருந்து அதற்கு உயிர் உண்டு. உயிர் வந்தால் வயிறும் வந்துவிடும். வேளாவேளைக்குப் படையல் வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளக் கோயிலில் ஆள் இருக்கிறது.

"இங்க யாரு இருக்கா? மழையிலயும் வெயில்லயும் நிக்கப் போவுது. கண்ணையும் திறந்து விட்டுட்டா, போறவன் வாரவன் எல்லாம் கடலை தின்னுக்கிட்டுப் போறதைப் பாத்துக்கிட்டில்லா நிக்கும்? பட்டினி போடத்தான் உண்டாக்கினேனா?"

மாயம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. இந்த மனுஷன் பெண்டாட்டி பிள்ளை தண்ணீரில் நிற்கிறதைப் பார்த்து இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்தபோது திட்ட வாய் வரவில்லை. நிஜமாகவே ஆந்தைக்குப் பசிக்குமே என்று கவலைப்பட்டுக்கொண்டு நின்றார்.

"அப்ப ஒரு ஐயரைக் கூப்பிட்டுப் பூசை போட்டுருவோம்."

"பூசை போட்டா கோயில் ஆயிரும். நாளைக்கே ஒருத்தன் மஞ்சத்துணி கட்டுவான், இன்னொருத்தன் உண்டியல் வைப்பான். பிறகு பிள்ளைக ஏறுமா? இஸ்மாயில் மகன் ஏறுவானா? ஏறணும்னுதானே செய்யச் சொன்னாரு."

"பெயிண்டு?"

"பெயிண்டுல வச்சாலும் கண்ணு கண்ணுதான்."

"இங்கத்த ஆசாரி யாரையாவது கூப்பிட்டு?"

"அவனும் ஆசாரிதானே. ஆசாரி கை பட்டா திறந்ததுதான்."

வழி எல்லாவற்றையும் அடைத்துவிட்டு மறுபடி வாலைத் தேய்க்கக் குனிந்தார். மாயம்மாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்று சாயங்காலம் தண்ணீர் ஏறியது. ஸ்வர்ணலதாவின் மலையாளப் பாடப்புத்தகம் கட்டிலுக்குக் கீழே விழுந்து ஊறிப்போய்க் கிடந்தது. "அம்மே, டீச்சர் அடிக்கும்," என்று அவள் அழுதாள். மாயம்மாள் ஒரு கையில் புத்தகத்தையும் இன்னொரு கையில் அரிசிப் பானையையும் தூக்கி மேலே வைத்துவிட்டுத் திரும்பினால், செல்லப்பாவின் உளிப்பை தண்ணீரில் மிதக்கத் தயாராக இருந்தது. எடுக்கக் குனிந்தாள்.

"ஏட்டி, தொடாத," என்று வாசலிலிருந்து செல்லப்பாவின் குரல் வந்தது. முழங்கால் வரை வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். "பொம்பளை கை படப்படாது."

இதை அவள் கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். அறையைக் கூட்டும்போது உளிப்பையைச் சுற்றி மட்டும் தூசி வட்டமாக நிற்கும். வழக்கமாக, "உங்க உளியை உப்புப் போட்டு நக்குங்க," என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போவாள். அன்றைக்குப் போகவில்லை.

"பட்டா என்ன ஆவும்?"

"பட்டா அது பிறகு உளியில்ல. வெறும் இரும்பு. தீட்டி, கழுவி, பூசை போட்டாத்தான் மறுபடி உளி."

"வெறும் இரும்பு."

"ஆமா."

மாயம்மாள் வேறொன்றும் கேட்கவில்லை. அவர் வந்து பையை எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கி நின்றாள். அவள் இவ்வளவு அமைதியாக இருந்ததைப் பார்த்து செல்லப்பாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சாப்பிடும்போது இரண்டு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் பூங்காவில் புல் வெட்டுகிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். செல்லப்பா சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் மாயம்மாள் காத்திருந்தாள். வயிறு நிறைந்த ஆம்பிளையிடம்தான் எதையும் பேச வேண்டும் என்பது அவள் கணக்கு.

"உங்க உளியை நான் தொட்டா அது வெறும் இரும்பு. சரிதானே?"

"சரிதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பிறகு மாத்திப் பேசக் கூடாது. வெறும் இரும்பை வச்சு, நாள் பாக்காம, திரை கட்டாம, ஒண்ணும் தெரியாத பொம்பளை ஒருத்தி மரத்துல ரெண்டு குழி தோண்டினா, அதுக்குப் பேரு கண் திறப்பா?"

செல்லப்பா ஈரக்கையை வேட்டியில் துடைத்தார். காயலைப் பார்த்தார். ஆந்தையைப் பார்த்தார்.

"தேங்காய்ல ஓட்டை போடுதோம். அதுக்கு உயிர் வந்துருதா?" என்றாள் மாயம்மாள்.

"அது இல்ல..."

"திறந்ததுக்குச் சேர்த்தியா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

ரொம்ப நேரம் யோசித்தார். அவர் அப்பா, பெரியப்பா, அதற்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரையும் மனதுக்குள் எழுப்பி ஒவ்வொருவராகக் கேட்டிருப்பார் போல. ஒருவரும் இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்த்திருக்கவில்லை.

"சேர்த்தி இல்ல," என்றார் கடைசியில். எழுந்து போய்க் காயலைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மாயம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உளிப்பையை அவிழ்த்தாள். கல்யாணமான நாள் முதல் தூசியோடு தூசியாக ஒதுக்கி வைத்த கை, இன்றைக்கு அதனாலேயே உதவியாக வந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. சண்டையை அறைக்குப் போன பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

முதலில் ஆமை. கெட்டுப்போனாலும் பெரிய நஷ்டமில்லை என்று பார்த்து எடுத்தாள். கரித்துண்டால் வட்டம் போட்டு, உளியை வைத்து, கொட்டாப்புளியால் ஒரு தட்டு. நகரவில்லை. இன்னும் பலமாக. உளி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"சாய்ச்சுப் பிடிச்சிருக்க," என்றது காயலைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகு. "சத்தமே சரியில்ல."

"நீங்க பேசக் கூடாது."

"நாரைப் பாத்து அடி. நாருக்கு எதிரா போனா சிலாம்பு பிஞ்சு..."

"சொல்லித் தந்தா அது உங்க வேலை ஆயிரும். பிறகு பசிக்குது, சோறு போடுன்னு என் கழுத்தை அறுப்பிய. வாயை மூடிக்கிட்டு இருங்க."

செல்லப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு தப்பான அடிக்கும் அந்த முதுகு மட்டும் துள்ளியது. காலில் முள் குத்தினவன் மாதிரி துள்ளியது. மாயம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். முதுகு துள்ளினால் உளியைக் கொஞ்சம் மாற்றிப் பிடிப்பாள். துள்ளாமல் இருந்தால் அப்படியே தொடர்வாள். இதை அவர் சொல்லித் தந்ததாகக் கணக்கு வைக்க முடியாது, முதுகுக்குத் துள்ள உரிமை உண்டு.

ஆமைக்குத் தூக்கக் கண் வந்தது. கொக்குக்கு ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வந்தது. தண்ணீரை ஒரு கண்ணாலும் பெஞ்சில் உட்காருகிறவனை ஒரு கண்ணாலும் பார்க்கிற மாதிரி. நீர்நாய்க்கு ஏதோ கெட்ட செய்தி கேட்ட முகம். ஆந்தைக்கு ஸ்டூல் போட்டு ஏறினாள். முதல் கண் நன்றாகவே அமைந்தது. உருண்டையாக, ஆழமாக, அவளே ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். அந்தத் தைரியத்தில் இரண்டாவது கண்ணில் கொஞ்சம் ஓங்கி அடித்துவிட்டாள். ஆஞ்சிலி இடம் கொடுக்கவில்லை. மேல் விளிம்பு அப்படியே நின்றது, கீழே ஒரு கீற்று மட்டும் பெயர்ந்தது. அதற்கு மேல் தொட்டால் மூக்கு போய்விடும்.

முதுகு ஒரே துள்ளாகத் துள்ளி, அப்புறம் அசையாமல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து இஸ்மாயில் சாயா கொண்டு வந்தான். அண்ணாந்து பார்த்தான்.

"அக்கா, இது யாரைப் பாத்துக் கண்ணடிக்குது?"

"உன்னைத்தான். உன் சாயா குடிச்ச எல்லாருக்கும் முகம் அப்படித்தான் போவுது."

செல்லப்பா துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினார். ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்று பார்த்தார். ஆந்தைக்குக் கீழே வந்ததும் கை தானாக உளிக்கு நீண்டது. இரண்டு தட்டு தட்டினால் போதும், அந்தக் கண்ணையும் உருட்டிவிடலாம். மாயம்மாள் உளியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தொட்டீங்கன்னா நீங்க திறந்ததா ஆயிரும்."

கை மடங்கியது. அவர் தரையில் உட்கார்ந்து சாயாவைக் குடித்தார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆமை நல்லா வந்திருக்கு," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு மாயம்மாள் சிராய் அள்ளாமலே வீட்டுக்குப் போய்விட்டாள். பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை நீலகண்டனும் இன்ஜினியரும் வந்தார்கள். இன்ஜினியர் மலையாளி, கொஞ்ச வயசு. ஓவர்சியர் முன்னால் நடந்து ஆமையைக் காட்டினார், தலையாட்டினார். கொக்கைக் காட்டிவிட்டு வேகமாக நடந்தார். ஆந்தைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"ஓய், இதென்ன? ஒரு கண்ணு மூடிண்டு?"

"வெயில் கூசுது சார்," என்றாள் மாயம்மாள், செல்லப்பா வாயெடுப்பதற்கு முன்னால். "பகல்ல ஆந்தை அப்படித்தானே இருக்கும்."

இன்ஜினியர் சிரித்துவிட்டார். "கொள்ளாமல்லோ," என்று மலையாளத்தில் மெச்சி இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்தார். "எல்லாவற்றிலும் உடம்பு கோயில் வேலை மாதிரி இருக்கிறது, முகம் மட்டும் தமாஷாக இருக்கிறதே, எப்படி?" என்று அதே மலையாளத்தில் கேட்டார்.

அங்கேதான் வந்தது வினை. செல்லப்பாவுக்குப் பொய் வராது. சாதாரணப் பொய்யே வராது, இந்த விஷயத்தில் எங்கே வரும்?

"கண்ணு நான் வைக்கல சார்," என்றார்.

நீலகண்டன் முகம் மாறியது. "நீர் வைக்கலையா? வேலையை உமக்குன்னா கொடுத்தேன்? பின்னே யார் வச்சா?"

அறைச்சாவி அவர் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. மாயம்மாள் அதைப் பார்த்தாள். சமாளிக்கப் பத்து பொய் அவளிடம் கைவசம் இருந்தது. ஆனால் புருஷன் உண்மை சொல்லிவிட்டு நிற்கிறபோது பக்கத்தில் நின்று பொய் சொல்லி அவரைப் பைத்தியக்காரன் ஆக்க அவளுக்கு மனசில்லை.

"நான்தான் சார் குத்தினேன். இவர் திறந்தா பூசை வேணும், படையல் வேணும்னு சொல்லுதாரு. பூசை போட்டா பிள்ளைக ஏற முடியாது. நான் குத்தினா சேர்த்தி இல்ல. எனக்கு அந்த ரூம் வேணும், அதனால குத்தினேன்."

நீலகண்டனும் ஐயர் வீட்டுப் பிள்ளைதான். கண் திறப்பு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கோபம் இறங்கி, நெற்றியில் யோசனை ஏறியது. மோவாயைத் தடவினார்.

"ஆனாலும், ஸ்திரீ கையால ஆனா அதுக்கு என்ன விதின்னு..."

"சார், நீங்களும் ஆரம்பிக்காதீங்க," என்றாள் மாயம்மாள்.

இன்ஜினியருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தவர்கள் மூன்று பேரும் ஆந்தையை அண்ணாந்து பார்த்தார்கள். ஆந்தை பாதிக் கண்ணால் அவர்களைப் பார்த்தது. நீலகண்டன் சாவியைக் கழற்றி, செல்லப்பாவிடம் கொடுக்காமல் மாயம்மாளிடம் கொடுத்தார்.

திறப்பு விழாவன்று பிள்ளைகள் நேராக ஆந்தையிடம்தான் ஓடின. ஸ்வர்ணலதா தன் வகுப்புக்காரிகளிடம், "என் அம்மயாக்கும் கண்ணு வச்சது," என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். ஆந்தைக்கு எதிரில் நின்று பதிலுக்குக் கண்ணடித்துவிட்டுப் போவது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வழக்கமாகிவிட்டது. சில பெரியவர்களுக்கும்தான், பக்கத்தில் யாரும் இல்லாதபோது. மரம் மரம்தான், மழைக்கும் கரையானுக்கும் தப்பாது. கொக்கின் கழுத்து எண்பத்திரண்டில் போனது, நீர்நாய் அதற்கு அடுத்த வருஷம். ஆமையும் ஆந்தையும் எண்பத்தாறு மழை வரைக்கும் இருந்தன. மாயம்மாள் அதன் பிறகும் அந்த அறையில் இருந்தாள், அவள் வாயும் கூடவே இருந்தது.

ஆனால் சொல்ல வேண்டியது, அந்த அறைக்குக் குடிவந்த முதல் மாதம் நடந்தது. கடல் ஏறிய ஒரு காலையில், பழைய சந்தில் தண்ணீர் நிற்கிறது என்று இஸ்மாயில் வந்து சொன்னான். மாயம்மாள் காய்ந்த தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, நிதானமாகத் தோசை சுட்டாள். செல்லப்பா இரண்டு தின்றார், மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, "வேலியைப் பாத்துட்டு வாரேன்," என்று எழுந்தார்.

வேலி பார்க்கத் தோசை எதற்கு? மாயம்மாள் கரண்டியோடு பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். செல்லப்பா ஆஞ்சிலி முண்டத்துக்குக் கீழே நின்று, தோசையில் ஒரு துண்டு பிய்த்து ஆந்தையின் காலடியில் வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஆமையின் பக்கம் நடந்தார். திரும்பியபோது பெண்டாட்டி நிற்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"திறந்ததுக்குச் சேர்த்தி இல்லைன்னு நீங்கதானே சொன்னிய?" என்றாள்.

"ஆமா," என்றார் செல்லப்பா. "சேர்த்தி இல்லதான். இருந்தாலும்... விடிஞ்சதும் வாசலைத் திறந்தா பாத்துக்கிட்டு நிக்குது. பக்கத்து வீடு மாதிரி ஆயிப்போச்சு."

மாயம்மாள் ஆந்தையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் தின்னாமல் கொண்டுவந்த தோசையைப் பார்த்தாள்.

"நாளையிலேருந்து ஒண்ணு கூட ஊத்துதேன். உங்க தோசையை நீங்க தின்னுங்க," என்றாள். "அதுக்கு வைக்கிறதை நல்லாப் பொடிசாப் பிச்சு வைங்க. இப்படிப் பெரிய துண்டா வச்சா காக்கா தூக்கிட்டுப் போயி என் குழாயடி வாளியில ஊற வச்சுரும்."